பலகையின் அடி எந்தப் பக்கம்?

கம்பத்தில் நான் வேலை பார்த்த மரப்பட்டறைக்குப் போன மாதம் கம்ப்யூட்டர் மிஷின் வந்து இறங்கியது. பலகையை மேசையில் கிடத்திப் படத்தைக் கொடுத்துவிட்டால் போதும், அதுவே சமன் செய்கிறது, அதுவே பூ வெட்டுகிறது. ஓடத் தொடங்குகிற நாளில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கேக் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தேன். நல்ல மிஷின். எனக்கு அதன்மேல் ஒரு பொறாமையும் இல்லை. இருபது வருடம் முன்னாலேயே வந்திருந்தால் என் இடுப்பு வலியில் பாதி எனக்கு வந்திருக்காது.

பட்டறையை இப்போது நடத்துகிறவள் ஸ்டெல்லா, எங்கள் பழைய முதலாளியின் மகள். அவள்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டாள்.

"மாமா, ஒவ்வொரு பலகையும் மிஷின்ல ஏறுறதுக்கு முன்னாடி அதோட கனத்துல, பக்க வெளிம்புல, ரெண்டு ஆணிக்குழி குத்துறோம்ல. எதுக்குன்னு புதுசா வந்தவுக கேக்குறாக. அப்பா சொன்னாகன்னு மட்டுந்தேன் எனக்குத் தெரியும். நீங்க எழுதிக் குடுங்க, செவுத்துல ஒட்டி வச்சிருவோம்."

எழுதிவிட்டேன். சுவரில் ஒட்டுகிற அளவில் அது அடங்கவில்லை.

என் பெயர் அருளப்பன். பத்தாவது தேறாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவனை எங்கள் ஊர்க் கோவிலுக்குப் பெஞ்சு செய்ய வந்த சவரிமுத்து முதலாளி கையோடு கூட்டிப் போனார். முதல் மூன்று வருடம் கூட்டினேன், பெருக்கினேன், உளி தீட்டினேன், திட்டு வாங்கினேன். திட்டியதெல்லாம் மற்றவர்கள். முதலாளி யாரையும் திட்டியதில்லை. அவரிடம் அதைவிட மோசமான ஒரு வழக்கம் இருந்தது.

பட்டறையில் ஏதாவது தப்பாக நடப்பது அவர் கண்ணில் பட்டால், வாசல் பக்கம் நடந்து போய் மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார். ரம்பம், இழைப்பு மிஷின், விசிறி எல்லாம் முனகி அடங்கும். அந்த அமைதியில் அத்தனை பேரும் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்போம். அவர் யாரையும் பார்க்க மாட்டார். பையிலிருந்து மடக்கு ஸ்கேலை எடுத்து விரிப்பார், மடக்குவார். கடைசியில் தப்புச் செய்தவனே வாயைத் திறந்து, "முதலாளி, நாந்தேன்" என்பான். "சரி" என்று சுவிட்சை ஏற்றிவிடுவார். அவ்வளவுதான். ஒருநாள் அப்படி இறக்கியபோது இரண்டு பேர் அடுத்தடுத்து ஒப்புக்கொண்டார்கள். அவர் போனில் யாரோ பேசியது கேட்கவில்லை என்றுதான் இறக்கியிருக்கிறார். அன்றைக்கு ஒரே போனில் இரண்டு தப்பு அவருக்குத் தெரிய வந்தது.

ரூட்டர் என்கிற, மரம் சீவிப் பள்ளம் எடுக்கிற கைமிஷினைக் கொண்டுவந்தவரும் அவர்தான். எர்ணாகுளத்தில் வாங்கி, குமுளி வழியாகப் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். இரண்டு பக்கமும் கைப்பிடி, நடுவில் மோட்டார், அடியில் சுற்றி வெட்டுகிற முனை, பிட். நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம். "மிக்சியக் கவுத்துப் போட்ட மாதிரி இருக்கு" என்று ஒருவர் சொன்னார். முதல் நாள் நான் பிட் சுற்றுகிற போக்கிலேயே தள்ளிவிட்டேன். அது என் கையை இழுத்துக்கொண்டு ஓடி, பலகையைத் தாண்டி, முதலாளியின் ஸ்டூலை ஒரு கடி கடித்தது. சுற்றுக்கு எதிர்ப்போக்கில் தள்ளினால்தான் அது நம் பேச்சைக் கேட்கும். கடிபட்ட ஸ்டூல் இன்னும் பட்டறையில் கிடக்கிறது.

ஒரு வருடத்தில் ரூட்டர் வேலை என்றாலே அருளப்பன் என்று ஆகிவிட்டது. அகலமான பலகைகளை இழைப்பு மிஷினில் விட முடியாது, வாய் போதாது. அதற்கு ரூட்டர்தான். பலகையை மேசையில் கிடத்தி, இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் நேரான சட்டம் கட்டுவோம். சட்டங்களுக்குக் குறுக்கே நகருகிற ஒரு பெட்டி, அதற்குள் ரூட்டர். அந்தப் பெட்டிக்குத் தொட்டில் என்று பேர் வைத்திருந்தோம். தொட்டிலுக்குள் ரூட்டரை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குத் தள்ள வேண்டும், தொட்டிலை ஒரு விரலளவு நகர்த்த வேண்டும், மறுபடி தள்ள வேண்டும். ஒரு ஓட்டத்துக்கு ஒன்றரை மில்லிதான் இறக்குவேன். ஆசைப்பட்டு மூன்று மில்லி இறக்கினால் பலகை கருகும், பிட் மழுங்கும்.

சமன் செய்வதற்கு முன்னால் பார்க்க வேண்டியது முறுக்கு. காய்ந்த பலகை மேசையில் நான்கு மூலையும் பதிந்து கிடக்காது. இரண்டு மூலை தூக்கி நிற்கும். தூக்கி நிற்கிற மூலையைக் கிளாம்ப் போட்டு அமுக்கிவிட்டுச் சீவினால், சீவும்வரை சமமாக இருக்கும். கிளாம்பை எடுத்ததும் பழைய முறுக்குக்கே போய்விடும். அதனால் அமுக்கக் கூடாது. தூக்கி நிற்கிற மூலைக்கு அடியில் ஆப்பு வைத்து, அது எப்படி இருக்க விரும்புகிறதோ அப்படியே இருக்க விட்டுச் சீவ வேண்டும். ஒரு முகம் முடிந்ததும் உடனே புரட்டவும் கூடாது. சுவரில் சாய்த்து இரண்டு நாள் ஆற விட வேண்டும். புதிதாகக் காற்றுப் பட்ட முகம் கொஞ்சம் வளையும். வளைந்து முடிந்த பிறகுதான் அடுத்த முகம். எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் மலைக்கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் சேர்ந்து வரும். அப்போது நான்கு நாள் ஆற விடுவேன்.

ஒரு மரத்துக்குள் இன்னொரு மரத்தைப் பதிக்கிற பதிப்பு வேலை இன்னும் பொறுமை கேட்கும். பழைய கட்டில் காலாகக் கிடைக்கிற ஈட்டி மரத்தை நான்கு மில்லி கனத்துக்கு அறுத்து, அதில் இலையோ பூவோ வெட்டிக்கொள்வேன். அதைப் பலகைமேல் வைத்துக் கத்தி முனையால் சுற்றிக் கீறுவேன். கீறலில் சுண்ணாம்புத் தூளைத் தடவினால் கோடு வெள்ளையாகத் தெரியும். ரூட்டரில் மெல்லிய பிட்டைப் போட்டு அந்த வெள்ளைக் கோட்டுக்கு ஒரு மயிரிழை உள்ளேயே பள்ளம் எடுத்து, மிச்சத்தை உளியால் தொட வேண்டும். இலையை வைத்துக் கட்டை விரலால் அமுக்கினால் உள்ளே போக வேண்டும். "சுத்தியலைத் தேடுனா பள்ளம் தப்புன்னு அர்த்தம்" என்பார் முதலாளி. மஞ்சள் பலாவில் கறுப்பு ஈட்டி போய் உட்காருகிற அந்த நேரம் இருக்கிறதே, எத்தனை தடவை செய்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

இனி அந்த ஆணிக்குழிக்கு வருகிறேன்.

சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் பாண்டியம்மாள் என்கிற அம்மா ஒருநாள் டிராக்டரில் ஒரு பலாப் பலகையை ஏற்றிக்கொண்டு வந்தார். ஆடிக் காற்றில் சாய்ந்த மரம். அறுத்து, நிழலில் ஒன்றரை வருடம் காய வைத்திருந்தார். மீதியெல்லாம் உள்ளே சொத்தை. ஒரே ஒரு பலகை மட்டும் அகலமாக, சுத்தமாகத் தேறியிருந்தது. புது வீட்டுத் தலைவாசல் கதவுக்கு அதை நடுப்பலகையாகப் போட வேண்டும், அதில் ஒரு திராட்சைக் கொடி பதிக்க வேண்டும் என்றார். பலகையின் ஒரு முனையில் மஞ்சளைக் குழைத்துப் பட்டையாகப் பூசியிருந்தார்.

"இது அடிமரம். இந்தப் பக்கந்தேன் கீழ வரணும். மரம் நின்ன மாதிரியே நிக்கணும் மேஸ்திரி."

நிலை, தூண், கதவு எதுவானாலும் அடிமரம் கீழே இருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கம் எல்லாரும் பார்க்கிற வழக்கம்தான். இந்த அம்மாவுக்கு அதற்கு மேலும் ஒரு காரணம் இருந்தது.

"நாங்க அந்த எடத்த வாங்குனப்ப அங்கன இருந்தது இந்த ஒத்தப் பலாதேன். ஒரு வருசம் செவட்டை நோவு விழுந்து கொடி பூராம் போச்சு. அந்த வருசம் இது காச்ச காச்சலு, வித்தோம், தின்னோம். புள்ளைக பள்ளிக்கொடத்துக்குப் போனதும் அதுலதேன். வீட்டுக்குள்ள நொழையிறப்ப அது நிமுந்து நிக்கிறத நான் பாக்கணும்" என்றார்.

"பாத்துக்கிறேன்க்கா" என்றேன்.

பலகையில் நல்ல முறுக்கு. ஆப்பு வைத்து முதல் முகத்தை ஓட்டினேன். ஒன்றரை வருட வெயிலும் தூசியும் பட்டுச் சாம்பல் நிறத்தில் இருந்த மேல் தோல் போனதும் உள்ளே பலா அதன் நிறத்துக்கு வந்தது. பலாவைச் சீவினவர்களுக்குத் தெரியும், அது என்ன மஞ்சள் என்று. தூள் பட்டு என் வேட்டி மஞ்சளாகி, என் மனைவி மேரி அதைத் தனியாகத்தான் துவைப்பாள். ஓட்டி முடித்துப் பார்த்தால் பலகை முழுக்க மஞ்சள் பூசியதுபோல் இருந்தது. அந்த அம்மா பூசிய பட்டை எங்கே என்று எந்தக் கண்ணாலும் சொல்ல முடியாது.

எனக்குப் பதற்றம் ஒன்றுமில்லை. அடி வாய்க்கால் பக்கம் என்று மனதில் வைத்திருந்தேன். எங்கள் பட்டறைக்குப் பின்னால் வாய்க்கால் ஓடுகிறது. எந்தப் பலகையையும் வாய்க்கால் பக்கம், ரோட்டுப் பக்கம் என்றுதான் நினைவு வைப்போம். பலகையைச் சுவரில் சாய்த்து ஆற விட்டேன். அடுத்த நாள் ஒரு பள்ளிக்கூடத்துக்கான டெஸ்க் லோடு வந்து இறங்கியது. இடம் போதாமல் யாரோ என் பலகையை வெளியே எடுத்து வைத்து, பிறகு உள்ளே கொண்டுவந்து சாய்த்திருக்கிறார்கள். எந்த முனை எங்கே போனது என்று நான் கேட்கவில்லை. வாய்க்கால் பக்கம் இருந்த முனையை அடி என்றே எடுத்துக்கொண்டு மறு முகத்தையும் ஓட்டி, இரண்டு முனையிலும் வெடிப்பை அறுத்துத் தள்ளினேன். பக்கத்திலும் நீளவாக்கில் ஒரு ரீப்பர், ஒரு மெல்லிய சட்டம், அளவுக்கு அறுத்தேன். எடுத்து வைத்தவர்கள்மேல் எனக்குக் குறை இல்லை. கேட்காதவன் நான்.

கொடிக்குப் பதினொரு நாள் ஆனது. அடியிலிருந்து தண்டு ஏறி, இரண்டாகப் பிரிந்து, ஏழு கொத்துத் தொங்குகிறது. ஒரே ஓர் இலையில் மட்டும் ரூட்டரின் ஆழத் திருகு தளர்ந்து பிட் கூடுதலாக இறங்கிவிட்டது. அந்த இலையை ஏழு மில்லி கனத்தில் வெட்டிப் போட்டுச் சரிக்கட்டினேன். மேலே பார்த்தால் தெரியாது. முதலாளியே வந்து ஒவ்வொரு பழத்தின்மேலும் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் ஒன்றும் சொல்லாமல் போவது எங்களுக்கெல்லாம் பெரிய பட்டம்.

பால் காய்ச்சுவதற்கு நான்கு நாள் இருக்கும்போது பலகைக்கு முதல் கை எண்ணெய் பூசினேன். எண்ணெய் பட்டதும் மரத்தின் ஓட்டமெல்லாம் மேலே வரும். அதுவரை வெறும் அழுக்காகத் தெரிந்த ஒரு கறை, எண்ணெய் பட்டதும் கணுவாகத் தெரிந்தது. ஒரு கிளை நடுமரத்திலிருந்து கிளம்பிப் பலகையின் ஓரத்துக்குப் போன தடம். அது கீழ்நோக்கிச் சரிந்து போயிருந்தது.

கிளை மேல்நோக்கித்தான் கிளம்பும். துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

ஒருவேளை என் கண் தப்போ என்று, பக்கத்தில் அறுத்துப் போட்ட ரீப்பரைக் கழிவுக் குவியலிலிருந்து தேடி எடுத்தேன். பலகையோடு ஒட்டி வைத்து ரேகைக்கு ரேகை பொருத்தி, நான் அடி என்று நினைத்த முனையில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். அதைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் வாய்க்காலுக்குப் போனேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். லோயர் கேம்ப் மின்நிலையத்தில் தண்ணீர் குறைத்திருந்தார்கள்போல, வாய்க்கால் மெதுவாக ஓடியது. மடையோரம் தண்ணீர் தேங்கின இடத்தில் ரீப்பரை மெல்ல விட்டேன். அடிமரம் கனம் கூடியது, கொஞ்சமாவது அமிழும். என் பென்சில் கோடு போட்ட முனை மேலே மிதந்தது. மறு முனை தண்ணீருக்குள் இருந்தது. எடுத்துத் திருப்பி விட்டேன். மூன்றாவது தடவையும் விட்டேன். மரத்துக்கு என்மேல் இரக்கமில்லை.

யாருக்கும் தெரியாது. கொஞ்சம் கறுப்பாகப் பாலிஷ் கொடுத்தால் கணுவும் மறைந்துவிடும். கதவைத் திருப்பி மாட்டினால் அடி கீழே வரும், ஆனால் திராட்சைக் கொத்தெல்லாம் வானத்தைப் பார்த்து நிற்கும். திருப்பாமல் மாட்டினால் அந்த அம்மாவின் மரம் தலைகீழாக நிற்கும். பதினொரு நாள் வேலை. என் வாழ்நாளில் நான் செய்ததிலேயே நல்ல கொடி. உண்மையைச் சொல்கிறேன், வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்று ஒரு டீ குடிக்கிற நேரம் யோசித்தேன்.

சாப்பாடு முடிந்து மிஷின்கள் ஓட ஆரம்பித்தன. நான் வாசல் பக்கம் போய் மெயின் சுவிட்சை இறக்கினேன்.

அதுவரை முதலாளியைத் தவிர யாரும் அதைத் தொட்டதில்லை. எல்லாம் அடங்கியது. எல்லாரும் முதலாளியைப் பார்த்தார்கள், அவர் என்னைப் பார்த்தார்.

"முதலாளி, நாந்தேன்" என்றேன். பலகை தலைகீழானதைச் சொன்னேன்.

அவர் ஸ்கேலை எடுக்கவில்லை. பலகையிடம் போய்க் குனிந்து கணுவைப் பார்த்தார். "ஆமா" என்றார். நிமிர்ந்து, "ஏலே அருளு, அந்தம்மாட்ட யாரு சொல்றது? நானா, நீயா?" என்று கேட்டார்.

"நாம் போறேன்."

"வண்டிய எடுத்துக்கிட்டுப் போ" என்று தன் ஸ்கூட்டர் சாவியைக் கொடுத்துவிட்டு சுவிட்சை ஏற்றினார்.

பாண்டியம்மாள் பந்தலுக்குக் கீழே கொத்துகளில் பொடிக் காய்களைக் கத்தரித்துக்கொண்டு நின்றார். நான் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். மஞ்சள் போனது, பலகை இடம் மாறியது, கேட்காமல் விட்டது, வாய்க்காலில் பார்த்தது. அவர் கத்தரிப்பதை நிறுத்தவில்லை. ஒரு கொத்தை முடித்து அடுத்ததற்கு நகர்ந்தார்.

"நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காதுக்கா."

"அப்ப எதுக்கு வந்து சொல்றீக?"

"கதவு மாட்ட நாந்தானக்கா வரணும். அங்கன வந்து ஒங்க மொகத்தப் பாக்கணும்ல."

அப்போதுதான் கத்தரியைக் கீழே போட்டார். கோபம் இருந்தது, மறைக்கவில்லை. "அம்புட்டுத் தடவ சொன்னேனே மேஸ்திரி. கண்ணுக்குத் தெரியட்டும்னுதான மஞ்சளப் பூசுனேன்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். மஞ்சள்தான் கண்ணுக்குத் தெரியாமல் போனது என்று அப்போது சொல்கிற தைரியம் எனக்கு இல்லை.

"நாலு நாள்ல பால் காச்சணும். எல்லாருக்கும் சொல்லியாச்சு. தலகீழா நிக்கிறத என் வாசல்ல மாட்ட விட மாட்டேன். கொடி போனாப் போகுது. வெறும் பலகையாக் கொண்டாந்து மாட்டுங்க."

அடுத்த நாள் காலையிலேயே அவரும் பட்டறைக்கு வந்துவிட்டார். சட்டம் கட்டி, தொட்டிலை ஏற்றி, என் கொடியை நானே சீவ ஆரம்பித்தேன். பள்ளத்தின் ஆழம் நான்கு மில்லி. ஐந்து மில்லி எடுத்தால் எல்லாம் போய்விடும். பின்முகத்திலும் அதே அளவு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பலகை வளையும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மஞ்சள் தூளோடு கறுப்புத் தூளும் கலந்து பறந்தது. பழங்கள் மெலிந்து, வெற்றுக் கறையாகி, காணாமல் போயின. அழவில்லை. தூள் கண்ணில் விழுந்தது என்று நினைத்தால் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி ஓட்டம் முடிந்து தூளைத் துடைத்தேன். ஒரே ஓர் இலை மட்டும் அப்படியே இருந்தது. ஆழத் திருகு தளர்ந்து நான் ஏழு மில்லிக்குப் போட்ட இலை. இன்னும் இரண்டு ஓட்டம் விட்டால் அதுவும் போய்விடும். ரூட்டரை இறக்கப் போனேன். பாண்டியம்மாள் கையை நீட்டித் தடுத்தார்.

"அது கெடக்கட்டும்."

அடியைக் கீழே வைத்துக் கதவை மாட்டினோம். பால் பொங்கியது. வந்தவர்கள் அகலமான பலகையைத் தடவிப் பார்த்தார்கள். ஓர் இலை மட்டும் எதற்கு என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அந்தத் திங்கட்கிழமை முதலாளி ஆணியும் சுத்தியலும் கொண்டுவந்து வைத்தார். எந்தப் பலகை வந்தாலும் முதல் வேலை, அடிப்பக்கத்தில் இரண்டு கனத்திலும் குழி குத்துவது. ரூட்டர் முகத்தைத்தான் சீவும், கனத்தைத் தொடாது. கனத்தைச் சீவுவதானால் சீவின கையோடு மறுபடி குத்த வேண்டும். இவ்வளவுதான் ஸ்டெல்லா சுவரில் ஒட்ட வேண்டியது. மற்றதெல்லாம் என் வாய்க்கொழுப்பு.

அந்த வருடம் திராட்சை அறுப்பு முடிந்து கவாத்து வெட்டுகிற சமயத்தில், கொடியை மறுபடி பதித்துத் தரச் சொல்லிப் பாண்டியம்மாள் ஆள் அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் பட்டறை ரூட்டரை எடுத்துக்கொண்டு நான் போவேன். கதவைக் கழற்றிக் களத்தில் கிடத்தி, ஒரு நாளைக்கு ஒரு கொத்து, இரண்டு இலை என்று பதித்தேன். மத்தியானச் சோறு அங்கேதான். ஏழு கொத்தும் மறுபடி வந்து சேர்ந்தன. பழைய கொடியைவிட இது ஒரு படி கூட என்றுதான் சொல்வேன், இப்போது என்னைத் தடுக்க முதலாளி இல்லை.

போன வாரம் அந்தப் பக்கம் போனபோது அவர் வீட்டுக்கு யாரோ விருந்தாளிகள் வந்திருந்தார்கள். கதவைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றார்கள். மற்ற இலைகளெல்லாம் திராட்சை இலைக்கே உரிய மாதிரி நுனி தொங்கிக் கிடக்க, முழங்கால் உயரத்தில் ஓர் இலை மட்டும் நுனி மேலே நிமிர்ந்து நிற்கிறதே என்று ஒருவர் கேட்டார். பலகையைத் திருப்பி மாட்டியதில் தலைகீழாகிப்போன அந்தப் பழைய இலை; எனக்குக் காது சூடானது. பாண்டியம்மாள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து அந்த இலையைத் தொட்டுக் காட்டினார்.

"இந்த எலதேன் மொதல்ல துளுத்தது. கொடி அப்பறமாத்தேன் வந்துச்சு."